முப்பத்தைந்தா, ஐம்பதா

31 ஒக்டோபர், வெள்ளி

மாலையில் இடி மழை. மின்சாரம் மூன்று தடவை போய் வந்தது. பாடசாலையிலிருந்து நனைந்துகொண்டே வந்தேன். குடை அலுவலகத்தில். திரும்பிப் போய் எடுத்தால் அதிபரின் முகத்தைப் பார்க்க வேண்டும். நனைவது மேல்.

மழை விட்டதும் காரின் பொனட்டைத் திறந்தேன். பெட்டரி புதிது, போன கிழமை வாங்கியது. அப்படியும் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. கேபிள்கள் இரண்டும் பழசு. பெட்டரி முனையைக் கவ்வும் கிளாம்பில் வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சணம் போல ஏதோ. தட்டினால் உதிர்கிறது. உள்ளே செம்பு கறுத்துப் பொடியாகிறது. ஆக, 16ஆம் திகதி கார் ஸ்டார்ட் ஆகாததற்குக் காரணம் பெட்டரி அல்ல, கேபிள். பெட்டரியை மாற்றச் சொன்ன லுணுகலை கராஜ் பாஸ் ஒரு மடையன். அவன் பேச்சைக் கேட்டு மாற்றியவனை என்னவென்று எழுதுவது.

16ஆம் திகதியைப் பற்றி எழுதாமலே இருந்தேன். எழுதிவிடுகிறேன். கமலாவின் வலது கண்ணுக்கு அன்று காலை பதுளை ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை. ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டும். ஐந்து மணிக்குக் காரில் ஏறி, பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் சாவியைத் திருப்பினேன். டக். மறுபடி டக். ஒரு மணி நேரம். பிளாஸ்க் அவள் மடியிலேயே. ஆறு மணிக்கு இறங்கிப் போய்ச் சேலையை மாற்றினாள்.

மறுதிகதி 6, வியாழன். அதற்கும் போகாவிட்டால் பட்டியலில் கடைசிக்குப் போய்விடுமாம். எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியாதாம்.

பதுளை போகும் வழிகள்:
1. முதல் பஸ். எட்டு மணிக்குத்தான் சேரும்.
2. முதல் நாளே போய்த் தம்பி வீட்டில் தங்குவது. முடியாது. அப்பாவின் காரியத்தன்று அவன் பேசிய பேச்சுக்கு, இனி உன் வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொன்னவன் நான். சொன்னது சொன்னதுதான்.
3. யோகனின் ஆட்டோ. முடியவே முடியாது.
4. கார்.

ஆகவே கார்.

வேண்டியவை: கேபிள் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. கிளாம்ப் இரண்டு. லக் நான்கு. லக் என்பது ஒரு துண்டுச் செம்புக் குழாய், தலைப்பக்கம் தட்டையாக ஓட்டையுடன். கேபிள் நுனியைக் குழாய்க்குள் விட்டு நசுக்க வேண்டும். ஓட்டைக்குள் போல்ட். அவ்வளவுதான். இருபத்தொன்பது வருடம் மின்னியல் படிப்பித்தவனுக்கு இது ஒரு வேலையா.

1 நவம்பர், சனி

காலையில் மூட்டம், பசறை தாண்டியதும் வெயில். பதுளைக்குப் பஸ்ஸில்.

முன் சீற்றில் கொழுந்து பறிக்கும் இரண்டு பெண்கள்.

"யோகன் தம்பி இருந்ததால என் மருமக பிழச்சா. இல்லாட்டி புள்ள வழியிலேயே பொறந்திருக்கும்."

"ராவு பகல் பாக்காது அந்தப் புள்ள."

"கோல் பண்ணா ஒடனே எடுக்கும்ல."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இந்தத் தோட்டத்தில் யோகனைப் பற்றிக் கெட்டதாகப் பேச ஒருவருக்கும் நேரமில்லை. எனக்கு மட்டும் இருக்கிறது.

பஜாரில் மூன்று கடை. குழப்பம் இங்கேதான் தொடங்கியது.

முதல் கடை: "முன்னூறு அம்பியர் கேபிளா, இருநூறா?"
இரண்டாம் கடை: "நம்பர் ரெண்டா, நம்பர் நாலா?" நம்பர் கூடினால் கேபிள் மெலியுமாம். எவன் வைத்த கணக்கு?
மூன்றாம் கடை, மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கீழே, முஸ்லிம் நானா ஒருவரின் கடை: "முப்பத்தஞ்சா, அம்பதா சேர்?"

மூன்றாவதுதான் எனக்கு விளங்கியது. செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர மில்லிமீற்றரில். லக்கின் மேலும் அப்படியே அடித்திருக்கிறது: முதலில் ஒரு எண், கோடு, பிறகு 8. முதல் எண் கேபிளுக்கு, எட்டு போல்ட் ஓட்டைக்கு. உலகத்தில் ஒரு பொருளின் மேலாவது அறிவோடு எழுதியிருக்கிறார்களே.

கேபிளின் தோலை உரிக்கச் சொன்னேன். என் வெர்னியரால் அளந்தேன். செம்பின் விட்டம் எட்டு மில்லிமீற்றர். ஆரை நான்கு. நான்கின் வர்க்கம் பதினாறு, பை, அதாவது 3.14ஆல் பெருக்கினால் ஐம்பது சொச்சம். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன்.

"ஐம்பது தாங்க."

நானா கணக்கைப் பார்த்தார். கேபிளைப் பார்த்தார். "இது முப்பத்தஞ்சு கேபிள் சேர். அம்பது லக் லூசா ஈக்கும்."

"கணக்கு பொய் சொல்லாது."

"கணக்கு சரியாத்தான் ஈக்கும் சேர். நான் கணக்கு படிச்சவன் இல்ல. முப்பது வருசமா இந்தக் கேபிளைத்தான் விக்கிறேன், அவ்வளவுதான்."

ஐம்பதையே வாங்கினேன். நசுக்கித் தருகிறேன் என்றார், சிரித்துக்கொண்டே. சுவரோரம் ஒரு கைப்பிடி வைத்த இரும்புப் பிரஸ். வேண்டாம் என்றேன். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கிளாம்ப் வாங்க மறந்தேன்.

என் தம்பியிடமிருந்து அழைப்பு இரண்டு. எடுக்கவில்லை. போன் எப்போதும்போல சத்தமில்லாமல்தான்.

2 நவம்பர், ஞாயிறு

காலை வெயில். இரண்டு மணிக்குக் கறுத்துக்கொண்டு வந்தது.

முற்றத்துக் கல்லில் வைத்துச் சுத்தியலாலும் உளியாலும் லக்கை நசுக்கினேன். முதல் லக், ஒரு மணி நேரம். பார்க்க மோசமில்லை.

தொழிலாளர் லயத்துப் பக்கமாக வந்த ஆட்டோ வாசலில் நின்றது. யோகன். இறங்கவில்லை, தலையை மட்டும் வெளியே நீட்டினான்.

"சேர், சுத்தியலால அடிச்சா நிக்காதுங்க சேர். பிரஸ்ல வச்சு அமுக்கணும். என்கிட்ட சொன்னீங்கன்னா பதுளையில குடுத்து எடுத்தாறேன்."

நிமிரவில்லை. இன்னும் இரண்டு அடி அடித்தேன். கமலா வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, எப்ப போறீங்க ஆஸ்பத்திரிக்கு?"

"வியாழக்கெழம தம்பி. காலையிலேயே."

"சரிங்கக்கா. சேர், பாத்துங்க, கைவெரலு."

போய்விட்டான். கமலா வாசலிலேயே நின்றாள். அந்தக் கண்ணால் அவனை எவ்வளவுதான் பார்த்தாளோ. ஒரு மஞ்சள் மூட்டம் தெரிகிறது, அதற்குள் ஆள் அசைகிறது என்பாள். இடது கண்ணும் அந்த வழியில்தான். ஆறு மாதமாக ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. தோட்டத்துப் பெண்கள் இன்னும் சட்டை தைக்கக் கொண்டுவருகிறார்கள், இவளும் வாங்கி வைக்கிறாள், கையால் தடவித் தைக்கிறாள். போன கிழமை ஒருத்தியின் சட்டைக்குக் கையை முன்பின்னாக வைத்துத் தைத்துவிட்டாள். அந்தப் பெண் அப்படியே போட்டுக்கொண்டு போனாள். பிறகு எனக்குத் தெரியவந்தது. கமலாவுக்குச் சொல்லவில்லை.

யோகனைப் பற்றி ஒருதரமாவது ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும். என்னிடம் படித்தவன். விஞ்ஞானத்தில் இரண்டு தடவை பெயில். ஒன்பது வருடத்துக்கு முன், அதிபர் பதவிக்கு என் பெயர் போன நேரத்தில், பெற்றார் ஒரு மனு எழுதினார்கள். "லயத்துப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் ஏறாது என்று இந்த ஆசிரியர் வகுப்பிலேயே சொல்கிறார்." நாற்பத்தொரு கையெழுத்து. மூன்றாவது யோகனுடையது. அவன் மூத்த மகள் அப்போது என் வகுப்பில். கையெழுத்தை எனக்கு நன்றாகத் தெரியும். பரீட்சை விண்ணப்பத்துக்கு அவனுக்குக் கையெழுத்து வைக்கப் பழக்கியவனே நான்தான், அதே வலப்பக்கச் சாய்வு. பதவி என்னைவிட ஏழு வருடம் இளையவருக்குப் போனது.

அப்படிச் சொன்னேனா? சொல்லியிருக்கலாம். கோபத்தில். எந்தக் கோபம் என்று இப்போது நினைவில்லை.

மாலையில் கமலா லக்கைக் கையில் வாங்கித் தடவினாள். "நல்லா இருக்குங்க" என்றாள். பிறகு, தைத்து முடித்த பொத்தானை இழுத்துப் பார்ப்பாளே, அதுபோல ஒரு இழுவை. லக் ஒரு கையில், கேபிள் மறு கையில்.

"ஏங்க, இது கழண்டுடுச்சுங்க."

மழை.

3 நவம்பர், திங்கள்

விடாத தூறல். பிள்ளைகள் பாதிப் பேர்தான்.

முதற்பாடம் ஒன்பதாம் வகுப்பு. அதிபர் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டுப் போனார். நான் நிறுத்தவில்லை. வியாழக்கிழமை லீவுக்கு விண்ணப்பம் கொடுத்தேன். "மிசிஸுக்கு எப்படி இருக்கு?" என்றார். "இருக்கிறது" என்றேன்.

மூன்றாம் பாடம் ஓய்வு. கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன். ஐம்பது. ஐம்பது. ஐம்பதேதான். பிறகு ஏன் கழன்றது? நசுக்கியது போதவில்லையா? சுத்தியல் குற்றமா? செம்பே கலப்படமா? மேசையில் கரும்பலகைக்கான வெண்கட்டி போட்டுவைக்கும் வட்ட டின். வெண்கட்டிகள் நெருக்கமாக நிற்கின்றன, விரலால் இன்னொன்றைத் திணிக்க இடமில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி.

கேபிள் ஒரு திண்மையான கம்பி அல்ல. நூற்றுக்கணக்கான மயிர்க்கம்பிகளின் கட்டு. நான் அளந்தது கட்டின் விட்டத்தை. நான் கணக்கிட்டது கம்பிகளோடு சேர்த்து நடுவிலிருக்கும் காற்றையும். காற்றைக் கழித்தால் ஐம்பதில் பத்தில் ஏழு பங்கு. முப்பத்தைந்து.

இருபத்தொன்பது வருடமாக இதே டின்னிலிருந்து எடுத்து எழுதுகிறேன்.

நானாவுக்குத் தெரிந்திருந்தது. "கணக்கு சரியாத்தான் ஈக்கும் சேர்." உண்மைதான், கணக்கு சரி. காற்றுக்கும் சேர்த்துச் சரி.

மாலை வீட்டில் கமலாவிடம் முப்பத்தைந்து என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் வெண்கட்டிக் கதையைச் சொல்லியிருப்பேன். கேட்காதது ஏனோ கோபம் தந்தது. சாப்பிடும்போது பேசவில்லை. இதை ஏன் எழுதுகிறேன்.

அதிபர் இரவு ஏழு மணிக்கு அழைத்திருக்கிறார். எடுக்கவில்லை. லீவு தருவதில் சிக்கலா, அல்லது வெறும் விசாரிப்பா. இரண்டும் எனக்கு வேண்டாம்.

4 நவம்பர், செவ்வாய்

வெயில். ஆச்சரியம்.

அரை நாள் லீவு. மறுபடி பதுளை, கேபிள் பைக்குள். நானாவின் கடைக்குள் நுழையுமுன் ஐந்து நிமிடம் எதிர்க்கடையில் தேநீர் குடித்தேன்.

"வாங்க சேர். லூசா?"

"முப்பத்தைந்து தாங்க."

வேறொன்றும் கேட்கவில்லை. அதற்காக அவருக்கு நன்றி. நான்கு லக்கையும் பிரஸ்ஸில் வைத்து அமுக்கினார். கைப்பிடியை நான்கு தடவை இறக்கினார், குழாய் ஆறு பக்கமாக அழுந்தி, செம்பும் செம்பும் ஒரே துண்டானதுபோல இறுகியது. மிச்சமிருந்த ஒரு துண்டுக் கேபிளையும் அப்படியே அமுக்கி, வாளால் குறுக்கே வெட்டிக் காட்டினார். உள்ளே காற்றே இல்லை. ஒரே திண்மச் செம்பு.

"இப்ப உங்கட கணக்கு சரியா வரும் சேர்" என்றார். சிரித்தார். நானும் கொஞ்சம் சிரித்திருக்க வேண்டும்.

பிறகு கிளாம்ப். அங்கே அடுத்த குழப்பம். புதுப் பெட்டரியின் முனை சின்னது. ஜப்பான் சைஸாம். என் காரின் பழைய பெட்டரிக்குப் பெரிய முனை. சின்ன முனைக்கான கிளாம்பில் ஒன்றுதான் மிச்சம்.

"மத்தது வெள்ளிக்கிழமை வரும் சேர்."

"வியாழன் காலை போக வேண்டும்."

"அப்ப ஒண்ணு சின்னது, ஒண்ணு பெரிசு கொண்டு போங்க. பெரிசுக்கு உள்ளால ஈயத்தகடு சுத்தி இறுக்குங்க. நாளைக்குப் பௌர்ணமிப் போயா, ஒரு கடையும் தெறக்காது."

பஜாரில் ஈயத்தகடு தேடினேன். இல்லை. ஒருவன் ஓட்டைப் பானை ஒட்டும் பசையைக் காட்டினான்.

பஸ்ஸில் வரும்போது நினைவு வந்தது. அப்பா தோட்டத்துப் பெக்டரியில் டீமேக்கராக இருந்தபோது, அவருடைய காரின் கிளாம்ப் தளர்ந்தால் தேயிலை பொதி செய்யும் வெள்ளித்தாளைக் கிழித்து முனையில் சுற்றி இறுக்குவார். தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான். பெக்டரிக் காவலுக்கு நிற்கும் வோச்சரிடம் கேட்டேன், கிழிந்த தேயிலைப் பையொன்று தந்தார். உள்பக்கம் பளபளவென்று வெள்ளித்தாள்.

சிவப்புப் பக்கம் சின்னக் கிளாம்ப், சரியாகப் பிடித்தது. கறுப்புப் பக்கம் பெரிய கிளாம்ப், உள்ளே வெள்ளித்தாள் மூன்று சுற்று. இறுக்கினேன். ஆடவில்லை. மீற்றரை வைத்தேன். பன்னிரண்டு தசம் ஆறு வோல்ற். முழுச் சார்ஜ்.

இருட்டிவிட்டது. ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பது நாளைக்கு. போயா, லீவு, நேரம் இருக்கிறது.

நிம்மதியாகச் சாப்பிட்டேன். கமலாவிடம் வெண்கட்டிக் கதையைச் சொன்னேன். "அப்ப நானாதான் சரி" என்றாள்.

5 நவம்பர், புதன். போயா

காலை பளிச்சென்று. விகாரையில் பிரித் ஓதும் சத்தம் பள்ளத்திலிருந்து.

எட்டு மணிக்குச் சாவியைத் திருப்பினேன்.

டக்.

மறுபடி. டக். டக்.

மீற்றர்: 12.6. லைட் எரிகிறது. ஹோர்ன் அடிக்கிறது. ஸ்டார்ட்டர் மட்டும் டக்.

என்னென்ன நினைத்தேன் என்று வரிசையாக எழுத முடியவில்லை. ஸ்டார்ட்டர் கெட்டுவிட்டதா. நானா ஏமாற்றிவிட்டாரா. சிவப்பும் கறுப்பும் மாறிவிட்டதா (மாறவில்லை, மூன்று தடவை பார்த்தேன்). லுணுகலை பாஸ் சொன்னதுதான் சரியா. நான் மின்னியல் படிப்பித்த பிள்ளைகளில் எத்தனை பேர் இப்போது இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். பத்து மணிக்கு பொனட்டை அறைந்து மூடினேன்.

கமலா வந்தாள். "தெறங்க."

"நீ பார்த்து என்ன செய்யப் போகிறாய்?"

"பாக்க மாட்டேன். பாக்கத்தான் முடியாதே. தெறங்க."

திறந்தேன். "இப்ப சாவியத் திருப்புங்க. நாலஞ்சு தடவ. விடாம." திருப்பினேன். டக் டக் டக். "போதும்." இரண்டு கையையும் உள்ளே விட்டுத் துழாவினாள். சிவப்பு முனையைத் தொட்டாள். கறுப்பு முனையைத் தொட்டதும் கையை எடுத்துக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் ஜில்லுனு இருக்கு. அந்தப் பக்கம் சுடுது."

"அதனால்?"

"அயன் பெட்டி ப்ளக் லூசா இருந்தா ப்ளக்கு சுடும்ல. நாந்தான் சொன்னேனே போன வருசம். நீங்க மீற்றர வச்சுப் பாத்துட்டு கரண்டு வருதே, ஒனக்கு என்னா தெரியும்னீங்க. பெறகு ப்ளக்கு உருகுச்சு."

நினைவிருக்கிறது. உருகியது.

கறுப்புக் கிளாம்பைக் கழற்றினேன். வெள்ளித்தாளைப் பிரித்தேன். ஓரம் சுருங்கி, பிளாஸ்டிக் கருகிய நாற்றம். அப்பா காலத்துத் தாள் வேறு. இப்போதைய தேயிலைப் பையின் வெள்ளித்தாளுக்கு இரண்டு பக்கமும் கண்ணாடி போல மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு, ஈரம் புகாமலிருக்க. மின்சாரமும் புகாது. கிழிந்த ஓரங்களால் கொஞ்சம் கசிந்திருக்கிறது. லைட்டுக்கும் மீற்றருக்கும் அது போதும். ஸ்டார்ட்டருக்குப் போதாது. பத்தாம் வகுப்புப் பாடம். தடை இருக்கும் இடத்தில் வெப்பம். சுமையில்லாமல் வோல்ற்றளவு பார்த்துப் பயனில்லை. கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்.

கடைகள் பூட்டு. வெள்ளிக்கிழமைதான் கிளாம்ப். நாளைக் காலை ஆறரை.

படியில் உட்கார்ந்துவிட்டேன். தம்பியின் நம்பரை எடுத்தேன். பார்த்தேன். வைத்துவிட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஒரு கண்ணா அல்லது ஒரு சொல்லா என்று உண்மையாகவே யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரம்.

அப்போது கமலா உள்ளேயிருந்து: "ஏங்க, இங்க வாங்க. இதுவும் அந்தத் தாளா பாருங்க."

துணிப் பெட்டி. என் பாட்டன் காலத்துத் தேயிலைப் பெட்டி, பலகையால் செய்தது, மூலைக்குத் தகரம் அடித்தது. அவள் வெட்டுத்துண்டுகள் போட்டுவைப்பது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த மூலையில். துணியையெல்லாம் அள்ளிக் கட்டிலில் போட்டிருந்தாள். பெட்டியின் உள்பக்கம் மங்கல் சாம்பல் நிறத்தில் ஒரு தகடு. நகத்தால் கீறினேன், பதிந்தது. ஒரு துண்டைக் கடதாசியில் இழுத்தேன், பென்சில் போலக் கோடு விழுந்தது.

ஈயம். பழைய, சுத்தமான ஈயம்.

அவளுடைய துணி வெட்டும் கத்தரியாலேயே வெட்டினாள். அந்தக் கத்தரியை நான் கடதாசிக்குக்கூடத் தொட்டால் சத்தம் போடுவாள். பெருவிரலை ஓரத்தில் ஓடவிட்டுக்கொண்டு, ஒரு கோடு பிசகாமல். இரண்டு சுற்றுக்கு அளவாக. நான் அளக்கவில்லை.

சுற்றினேன். இறுக்கினேன். திருப்பினேன்.

ஸ்டார்ட் ஆனது. முதல் திருப்பிலேயே.

ஐந்து தடவை நிறுத்தி ஸ்டார்ட் பண்ணினேன். ஒவ்வொரு தடவையும் அவள் தொட்டுப் பார்த்தாள். "ஜில்லுனு இருக்கு. ஜில்லுனு இருக்கு." கத்தரியின் வாய் மழுங்கிவிட்டது. "பரவால்லைங்க" என்றாள்.

6 நவம்பர், வியாழன்

காலை 4.50. மூட்டம், பத்தடிக்கு அப்பால் ஒன்றுமில்லை. ஸ்டார்ட் ஆனது.

கமலா, அதே சேலை, அதே பிளாஸ்க்.

முதல் வளைவில் பின்னால் ஒரு விளக்கு. ஒற்றை விளக்கு. வேகத்தைக் குறைத்தேன், முந்திப் போகட்டும் என்று. அதுவும் குறைத்தது. கூட்டினேன், கூட்டியது. லுணுகலை தாண்டியும் அதே தூரத்தில்.

"யார் அது?"

"யோகன்."

"ஏன்?"

"நான்தான் வரச் சொன்னேன். போன தடவைக்குப் பெறகே சொல்லி வச்சிட்டேன். கார் நின்னுட்டா ஏறிக்கலாம்னு."

"ஸ்டார்ட் ஆனதே. நேற்று ஐந்து தடவை. உனக்கு நம்பிக்கை இல்லையா?"

"காரு மேல நம்பிக்கை இருக்குங்க" என்றாள்.

பசறை வரை அதை யோசித்தேன். பசறைக்குப் பிறகும். கண்ணாடியில் அந்த விளக்கு வளைவுக்கு வளைவு மறைந்து மறைந்து வந்தது. கோபம் வரவேண்டிய இடம். வந்ததா என்று தெரியவில்லை. ஒரு இடத்தில் வளைவு நீளம், விளக்கைக் காணவில்லை. என் கால் தானாக பிரேக்கில்.

6.15க்கு ஆஸ்பத்திரி. அவளை உள்ளே எடுத்தார்கள். என்னைக் காத்திருக்கச் சொன்ன இடத்தில் தெரிந்த முகங்கள். அதனால் காரில் வந்து உட்கார்ந்தேன். பேப்பர் வாசித்தேன். யோகன் ஆட்டோவை மரத்தடியில் போட்டுவிட்டு யாரோடோ சிரித்துக்கொண்டிருந்தான்.

11.30. ஓடி வந்தான். கண்ணாடியைத் தட்டினான்.

"சேர், அக்கா வெளிய வந்துட்டாங்க. ஒங்கள வரச் சொல்றாங்க."

"உனக்கு யார் சொன்னது?"

ஒன்பது வருடத்தில் அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தைகள்.

"வார்ட்ல இருந்து எனக்கு கோல் பண்ணாங்க சேர்."

வாங்கில் உட்கார்ந்திருந்தாள், வலது கண்ணில் வெள்ளைப் பட்டை, கையில் மருந்துப் பை. எல்லாம் நல்லபடியாம். நாளை காலை ஒன்பதுக்கு வந்து பட்டையைக் கழற்ற வேண்டுமாம். படிவம் என் கையில். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய நம்பர் என்ற இடத்தில் எனக்குத் தெரியாத ஒரு நம்பர்.

"இது யோகனுடையதா?"

"ஆமாங்க."

"ஏன் என் நம்பரைக் கொடுக்கவில்லை?"

முகத்தை என் பக்கம் திருப்பினாள், பட்டையோடு. கோபம் ஒன்றுமில்லை அவள் குரலில். நேரம் என்ன என்று கேட்டால் சொல்வது போலத்தான்.

"அவன் எடுப்பான்."

போன் எடுத்துப் பார்த்தேன். தவறிய அழைப்புகள், ஒரு முழுத் திரைக்கு. சிவப்பு சிவப்பாக. மகள் கொழும்பிலிருந்து ஆறு தடவை.

புறப்படும்போது பொனட்டைத் திறந்து முனைகளைத் தொட்டுப் பார்த்தேன். யோகன் எட்டிப் பார்த்தான்.

"என்னா சேர் இது, ஈயமா? எங்க பிடிச்சீங்க?"

"தேயிலைப் பெட்டியில்."

"அட! சேர் மூளையே மூளைதான்."

"கமலா கண்டுபிடித்தாள்."

"அப்ப சரி" என்றான். என்ன சரி? கேலியா? பொனட்டை மூடினேன்.

மாலை மழையில் திரும்பினோம். பின்னால் விளக்கு, வீடு வரை. ஹோர்ன் அடித்துவிட்டுப் போனான். மனுவின் மூன்றாம் கையெழுத்து அப்படியே இருக்கிறது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

7 நவம்பர், வெள்ளி

காலை 5.40. மூட்டம். கார் ஸ்டார்ட் ஆகிறது. முனை இரண்டும் ஜில்லென்று. நானாவின் கடைக்குக் கிளாம்ப் இன்று வரும், வரும் வழியில் வாங்க வேண்டும். கத்தரி சாணை பிடிக்கக் கொடுக்க வேண்டும். போன் சத்தத்தைக் கூட்டிவைத்தேன். எப்படி என்று கண்டுபிடிக்கவே பத்து நிமிடம்.

கமலா எழுந்துவிட்டாள். பட்டை கழன்றதும் முதலில் எதைப் பார்ப்பாய் என்று கேட்டேன். "அந்தப் புள்ளயோட சட்டைக் கைய. முன்பின்னா தச்சிட்டேன்ல." தெரிந்திருக்கிறது.

ஏழுக்குப் புறப்பட வேண்டும். இன்றைக்கு யோகன் தேவையில்லை என்று சொல்லிவிடலாம். அல்லது, மழை வரும் போலிருக்கிறது, ஏழுக்கு வா என்று. இரண்டில் எதைச் சொல்வது என்று தீர்மானிக்காமலே போனை எடுத்தேன்.

அவன் நம்பர் என் போனில் இல்லை.